எல்லாத்தையும் மூடுங்க, மாப்பிள்ளை!

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற வியாதி வந்துவிட்டது. போனில் டார்ச் லைட் போட வேண்டும் என்றால், உங்கள் சொந்தக்காரர்கள் நம்பரையெல்லாம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அந்த லைட் கேட்கிறது. வெளிச்சம் கொடுக்கிறவனுக்கு என் மச்சினன் நம்பர் எதற்கு என்று ஒருத்தராவது யோசிக்கிறார்களா? கிடையாது. 'சரி' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். முகம் தெரியாத ஆள் வாசலில் வந்து நின்றால் சங்கிலியைக்கூட எடுக்காமல் கதவிடுக்கு வழியே பேசி அனுப்புகிறவர்கள், போனுக்குள் மட்டும் ஊரையே கூட்டி உட்காரவைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்டிக்கர் கடைப் பெரியவர் அந்த ரகம் இல்லை. மீட்டர் பார்க்க வந்தவர் மீட்டரைப் பார்த்தால், அவருக்குப் பின்னால் நின்று இவரும் பார்ப்பார். பார்சல் வந்தால் பிரித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. கொண்டுவந்தவன் முனகினால், "பொண்ணு பார்க்காமலே தாலி கட்டுவியா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். படிப்பு அவருக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மற்றதெல்லாம் ஒட்டியது. வண்டி நம்பர், கடைக் கண்ணாடி, ஆபீஸ் கதவு, படகு, தண்ணீர் டாங்கி என்று எதில் எழுத்து ஒட்ட வேண்டும் என்றாலும் தெருவில் எல்லோரும் 'ஒட்டு அண்ண'னிடம்தான் வருவார்கள்.

அவர் கடையில் முன்பு இருந்த கம்ப்யூட்டர் ரெடிமேட் சாமான். காலையில் திறந்தவுடன், வெளியே வெயில் என்று சொல்லும். "எனக்கு ஜன்னல் இருக்கு, உன்னைக் கேட்டேனா?" என்பார் பெரியவர். பாதி எழுத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது தானாக அணைந்து, 'உங்களுக்காகப் புதுப்பிக்கிறோம், பொறுங்கள்' என்று ஒரு வட்டத்தைச் சுற்றவிடும். அதையும் இவர் கேட்கவில்லை. ஒருநாள், 'என்னோடு பேசலாமே' என்று அது குரல் கொடுத்தபோது, பெரியவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மகளைக் கட்டிய புண்ணியவான். ஒரு கம்பெனியில் சர்வர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. அவற்றைத் தவிர வேறு யாரிடமும் அதிகம் பேசாத சுபாவம்.

"மாமா, கம்ப்யூட்டரை ஓட்டுறதுக்கு நான் ஒரு லினக்ஸ் போட்டுத் தர்றேன். ரெடிமேட் இல்லை. ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பேக்கேஜ். அதை எழுதி வச்ச மூலத்தை, சோர்ஸ் கோடுன்னு சொல்வாங்க, இறக்கி நம்ம மெஷின்லயே கம்பைல் பண்ணி, ஓடுற புரோகிராமா கட்டிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஆப்ஷன் இருக்கு. இது வேணும், இது வேணாம்னு நாமதான் சொல்லுவோம்."

"வேணாம்னு சொன்னா?"

"அந்தப் பகுதியே உள்ள வராது மாமா."

"கேக்காம எதுவும் வராதா?"

"வராது."

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளை சொன்னவற்றில் பெரியவர் குறுக்குக் கேள்வி கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். அன்றைக்கே பழையதை எடைக்குப் போட்டுவிட்டு, லினக்ஸுக்கென்று வேறு கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

இது நடந்து கொஞ்ச காலம் போன பிறகு ஒரு காலை. மகள் கண்ணாடிக்கு ஒட்டுகிற பால்வெள்ளைத் தாளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஊரின் அந்தப் பக்கத்தில் ஓர் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடையில் வரைவது, வெட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு அன்று லீவு. கடையில் துணைக்கு இருக்கிறேன் என்று அவராகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, நல்லா கேட்டுக்கோங்க. என்னங்க, உங்களுக்கும்தான். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸுக்கு எழுத்தெல்லாம் வெட்டி வச்சிட்டேன். அவங்க சின்னம் மட்டும்தான் பாக்கி. இப்போ படமா அனுப்புவாங்க. அதைத் திறந்து, ஓரக் கோடு எடுத்து, மெஷினுக்கு அனுப்பினா வெட்டிடும். அது முடியுற வரைக்கும் கம்ப்யூட்டர்ல வேற எதுலயும் கை வைக்கக் கூடாது."

"நான் எதுக்கும்மா வைக்கிறேன்?" என்றார் பெரியவர்.

"நான் எதுக்கு வைக்கிறேன்?" என்றார் மாப்பிள்ளை.

மாமனாரும் மருமகனும் ஒரே ராகத்தில் பாடினால் எந்தப் பெண்ணுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

ஆட்டோ திருப்பத்தில் மறைந்திருக்காது. மாப்பிள்ளையின் விரல்கள் விசைப்பலகையின் மேல் எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தன.

"சும்மா, என்னென்ன அப்டேட் வந்திருக்குன்னு பார்க்கிறேன் மாமா. பார்க்கிறது மட்டும்தான்."

"பார்க்கிறதுல என்ன தப்பு?" என்று பெரியவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

திரையில் பெரிய வரிசை ஓடி நின்றது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பேக்கேஜ். பக்கத்திலேயே அதன் ஆப்ஷன்கள். இருப்பவை சிவப்பில், இல்லாதவை கழித்தல் குறியோடு நீலத்தில். அங்கங்கே சில மட்டும் மஞ்சளில் மின்னின. பெரியவருக்கு எல்லாவற்றையும் படிக்கத் தெரியாது. மஞ்சள் தெரியும்.

"இது என்ன, புது ஆளுங்க?"

"இந்தப் பதிப்புல புதுசா வந்த ஆப்ஷன் மாமா. இது புளூடூத். இது ஏதோ குரல் சம்பந்தப்பட்டது. இந்த லினக்ஸைக் கட்டுறவங்களே ஆன் பண்ணி வச்சிருக்காங்க."

"யாரைக் கேட்டு?"

"இல்ல மாமா, பொதுவா எல்லாருக்கும் தேவைப்படும்னு…"

"யாரைக் கேட்டுன்னு கேட்டேன்."

பெரியவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. கேட்காமல் எதுவும் வராது என்று சொல்லித்தானே இதை வைத்தார்கள்? இங்கே பார்த்தால் பின்கதவு வழியாக மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நுழைகிறார்கள்!

"எல்லாத்தையும் மூடுங்க, மாப்பிள்ளை. மொத்தமா. எனக்கு எது வேணுமோ அதை நான் ஒவ்வொண்ணா சொல்றேன்."

"அப்படி ஒரே வரியில மூட ஒரு வழி இருக்கு மாமா. ஒரு மைனஸ், ஒரு நட்சத்திரம். ஆனா அதைப் போடாதீங்கன்னு அவங்களே பெருசா எழுதி வச்சிருக்காங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. போடாதே என்று ஒருத்தன் எழுதி வைத்தால் அதில்தான் விஷயமே இருக்கிறது என்பது பெரியவரின் கட்சி.

"போடுங்க."

"மாமா, அவ சொல்லிட்டுப் போனா…"

"மாப்பிள்ளை, நான் என்ன வேலை செய்றேன்? ஒரு தாள்ல எழுத்தை வெட்டுறேன். வெட்டினதும் எழுத்து தெரியுமா? தெரியாது. சுத்தி இருக்கிற வேண்டாததை ஊசியால கிளப்பி உரிச்சு எறிஞ்சாத்தான் தெரியும். உரிக்கப் பயந்தா இந்தத் தொழில்ல இருக்க முடியாது."

மாப்பிள்ளை நல்ல மனுஷன். பல நாளாக இப்படி ஒரு சாக்குக்காகத்தான் அவர் மனசும் ஏங்கிக்கொண்டிருந்தது. மைனஸைப் போட்டார். நட்சத்திரத்தையும் போட்டார்.

பிறகு ஏலம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கூவினார், பெரியவர் தீர்ப்புச் சொன்னார்.

"யூஎஸ்பி?"

"அது எதுக்கு?"

"மவுஸ், கட்டிங் மெஷின் எல்லாம் அதுலதான் மாமா வருது."

"இருக்கட்டும்."

"சத்தம்?"

"தெருவுலயே போதுமான சத்தம் இருக்கு. மூடு."

"கேமரா?"

"என் மூஞ்சியைப் பார்த்து அது என்ன பண்ணப்போகுது? மூடு."

"படம் திறக்கிறது?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். கொஞ்சம்தான். "நாம எழுத்து வெட்டிப் பிழைக்கிறவங்க. நமக்குப் படம் எதுக்கு? மூடு."

'மூடுங்க' எப்போதோ 'மூடு' ஆகிவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை. அந்த 'மூடு'வோடு கடையின் கழுத்தும் நெரிபட்டதையும் கவனிக்கவில்லை.

கம்பைல் ஓடியது. கம்ப்யூட்டருக்குள் இருந்த விசிறி உறும, திரையில் வரிகள் அருவி மாதிரி கொட்டின. இந்தக் காட்சி மட்டும் பெரியவருக்கு எப்போதும் பிடிக்கும். வேலை செய்கிறவன் வேர்க்க விறுவிறுக்கச் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றுகிற வட்டத்தைக் காட்டி ஏமாற்றுவதில்லை. பிரவுசர் பெரியது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். மற்றதெல்லாம் முன்னைவிடச் சின்னதாக, சுருக்காக முடிந்தது.

"பழசு எதாவது மிச்சம் இருக்கா?"

"யாரும் கேக்காத பேக்கேஜ் கொஞ்சம் அநாதையா கிடக்கு மாமா."

"பெருக்கித் தள்ளுங்க."

பெருக்கித் தள்ளினார்.

வாசலில் பிரேக் சத்தம் கேட்டது. வெள்ளை வண்டி ஒன்று, குளித்து முடித்த குழந்தை மாதிரி ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றது. உள்ளிருந்து டிரைவர் குதித்தார். சும்மாவே ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவர். சைரன் வண்டி ஓட்டி ஓட்டித் தொண்டை அப்படி ஆகிவிட்டது.

"அண்ணே! பொண்ணைக் கழுவித் துடைச்சுக் கூட்டி வந்திருக்கேன். நகையைப் போட்டு அனுப்புங்க."

"எழுத்து ரெடி தம்பி. சின்னம் மட்டும் இப்போ வெட்டிடுவோம்."

"அதுதான் அண்ணே முக்கியம். சாயங்காலம் சோதனை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வர்றார். சின்னம் இல்லைன்னா கையெழுத்துப் போட மாட்டார். இன்னைக்கு விட்டா அடுத்த சுத்துக்குத்தான் வருவார். அது எப்பன்னு அவருக்கே தெரியாது." டிரைவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த பிறகும் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. "பழைய ஆம்புலன்ஸ் படுத்ததுல இருந்து துணி துவைக்கிற வண்டியிலதான் அண்ணே ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன். நேத்து ஒரு பெரியவரை அழுக்குப் போர்வை மூட்டை நடுவுல படுக்க வச்சுக் கொண்டாந்தேன். பாவம், 'தம்பி, என்னைத் துவைக்கவா கூட்டிட்டுப் போறே'ன்னு கேட்டார். சிரிச்சுட்டேன். அப்புறம் வண்டியை நிறுத்தினதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பெரியவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தானும் ஒருநாள் அந்த மூட்டைகளுக்கு நடுவே படுக்க வேண்டியிருக்கலாம் என்று நினைத்திருப்பாரோ என்னவோ. "மாப்பிள்ளை, சின்னத்தைத் திறங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து படம் வந்திருந்தது. மாப்பிள்ளை வரைகிற புரோகிராமில் அதைத் திறந்தார். ஒன்றுமில்லாத ஒரு சாம்பல் கட்டம் வந்தது. அதற்கு மேல் ஒரு வரி: இந்த வகைக் கோப்பை எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். டிரைவர் இருவரையும் பார்த்தார்.

"அண்ணே, சின்னம் எங்க?"

"உள்ள இருக்கு," என்றார் பெரியவர்.

"வெளிய எப்போ வரும்?"

மாப்பிள்ளை காதோரம் குனிந்தார். "மாமா, படம் திறக்கிற ஆப்ஷனை மூடிட்டோம் இல்லையா? இப்போ இது எந்தப் படத்தையும் திறக்காது."

"நான் மூடச் சொன்னா நீங்க மூடிடுறதா?"

"மாமா!"

"படிச்சவர்னு பக்கத்துல உட்கார வச்சா, தடுக்க வேண்டாமா? சரி, பழையதை எடுத்து வைங்க."

"பழையதைப் பெருக்கித் தள்ளிட்டோம்."

"உங்க வீட்டு மெஷின்?"

மாப்பிள்ளை அசடு வழிந்தார். "அது நேத்துல இருந்து கம்பைல் ஆகிட்டே இருக்கு மாமா."

டிரைவருக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்துவிட்டது. "தப்பா நினைக்காதீங்க அண்ணே. எதிர்க்கடையில போயி வெட்டிக்கட்டுமா? அங்க எப்பவும் மெஷின் ஓடுது."

"ஓடும். அவன் வெட்டின நம்பர் பிளேட் ஒரு மழையில தெப்பம் மாதிரி மிதந்து போச்சு. போய்ப் பாருங்க." பெரியவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். எதிர்க்கடைக்காரர் வாசலில் சாய்ந்துகொண்டு, வேலையில்லாத மனுஷன் போல இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "அதுவும் இன்னைக்கு அவன் மெஷின் ரிப்பேர். உட்காருங்க தம்பி."

மாப்பிள்ளை அவசர அவசரமாக எதையெதையோ தட்டிப் பார்க்க, கம்ப்யூட்டர் விசிறி மறுபடி உறுமியது. போன் அடித்தது. மகள்.

"அப்பா, சின்னம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"வெட்டியாச்சா?"

"வெட்டுற மாதிரிதான் இருக்கோம்."

"என்னப்பா அது பின்னால உஸ்ஸுன்னு சத்தம்? விசிறி இப்படிக் கத்துதே?"

"வெக்கைம்மா. கம்ப்யூட்டருக்கு வேர்க்குது."

"இங்க மழை வர்ற மாதிரி இருக்கு."

"இங்க வெயில்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்திருந்தது.

மாப்பிள்ளை வேலையில் இறங்கினார். எல்லா பேக்கேஜுக்கும் சேர்த்து எழுதுகிற அதே பொதுக் கோப்பில், மைனஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், படத்துக்கான ஆப்ஷன்களையெல்லாம் எழுதினார். கட்டச் சொன்னார். வரிசை வந்தது. அடியில் 'தொடரலாமா' என்று கேள்வி. மாப்பிள்ளையின் விரல் 'ஆம்' பக்கம் போனது.

பெரியவர் அந்த விரலைப் பிடித்துவிட்டார். அப்படியே, சட்டையைப் பிடிக்கிற மாதிரி.

"காலையில ஒருதடவை அமுக்கிப் பார்த்தாச்சு. முதல்ல படிங்க. இந்த நீள வரி என்ன?"

"அது… பிரவுசர் மாமா."

"அது எதுக்கு இப்போ நடுவுல?"

மாப்பிள்ளை திரையை உற்றுப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "படத்தை எல்லா பேக்கேஜுக்கும் திறந்துவிட்டேன் இல்லையா? பிரவுசரும் படம் காட்டும். அதனால அதுவும் முதல்ல இருந்து திரும்பக் கட்டணும்னு நிக்குது. அமுக்கியிருந்தா இது நாளைக்குத்தான் மாமா முடியும்."

"எல்லாருக்கும் எதுக்குத் திறக்கிறீங்க? வரையுறவன்தானே படம் கேட்டான்? அவனுக்கு மட்டும் குடுங்க."

"அப்படியும் எழுதலாம் மாமா. பேக்கேஜ் பேக்கேஜா தனியா எழுத ஒரு கோப்பு இருக்கு."

"இருக்குதுல்ல? அதை விட்டுட்டு எதுக்கு ஊருக்கே மைக் வச்சுச் சொல்றீங்க?"

பொதுக் கோப்பில் எழுதியதை அழித்துவிட்டு, வரைகிற புரோகிராமுக்கும் அதற்குப் படம் திறந்து கொடுக்கிற பேக்கேஜுகளுக்கும் மட்டும் தனிக் கோப்பில் எழுதினார். திரும்பக் கேட்டார். பிரவுசர் போயே போய்விட்டது. வரிசை சுருங்கிக் கையடக்கமாக வந்தது. ஆனால் அடியில் ஒரு சிவப்புப் பத்தி.

"இது என்ன, கோவிச்சுக்குது?"

மாப்பிள்ளை இந்தமுறை ஒழுங்காகப் படித்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு பட பேக்கேஜ் மாமா. முதலாவதைக் கட்டணும்னா ரெண்டாவது ஏற்கெனவே இருக்கணுமாம். ரெண்டாவதைக் கட்டணும்னா முதலாவது இருக்கணுமாம். இப்போ ரெண்டுமே இல்லை. முன்னாடி இருந்தப்போ இந்தத் தகராறு வரல. நாமதான் ரெண்டையும் பெருக்கித் தள்ளிட்டோமே."

டிரைவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "இது எங்க பெரியப்பா, சித்தப்பா கதை! எங்க தங்கச்சி கல்யாணத்துல, தம்பி வந்து உட்கார்ந்தாத்தான் நான் வருவேன்னு பெரியப்பா. அண்ணன் வந்து உட்கார்ந்தாத்தான் நான் வருவேன்னு சித்தப்பா. ரெண்டு பேரும் வண்டியை மண்டபத்துக்கு வெளிய நிறுத்திட்டு, கண்ணாடியை ஏத்திவிட்டு, உள்ளயே உட்கார்ந்திருக்காங்க."

"அப்புறம்?" என்றார் மாப்பிள்ளை. வேலையை விட்டுவிட்டு அவரும் கதை கேட்கத் திரும்பிவிட்டார்.

"சித்தப்பாகிட்ட போயி, 'பெரியப்பா வரவே மாட்டாராம், நீங்களாவது வாங்க'ன்னு சொன்னேன். 'அவன் இல்லைன்னா எனக்கென்ன'ன்னு வந்து உட்கார்ந்துட்டார். பெரியப்பாகிட்ட, 'தம்பி வந்து உட்கார்ந்தாச்சு'ன்னேன். அவரும் வந்துட்டார். அப்புறம் ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி."

"அதேதான் செய்யணும்!" மாப்பிள்ளையின் முகத்தில் அன்று முதல் முறையாக வெளிச்சம். "ஒருத்தர்கிட்ட, இந்த ஒரு தடவைக்கு மட்டும், அந்த இன்னொரு ஆப்ஷன் வேணாம்னு சொல்லிக் கட்டிடலாம். அப்புறம் இன்னொருத்தரைக் கட்டலாம். கடைசியா முதல் ஆளைத் திரும்பவும் முழுசா கட்டிட்டா போதும்."

"அப்போ மெஷின்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்க," என்றார் பெரியவர்.

"பொய் இல்ல மாமா. தற்காலிகம்."

"பொய்க்கு உங்க ஆபீஸ்ல அப்படித்தான் பேரா?"

ஆனாலும் தடுக்கவில்லை. டிரைவர் தன் வண்டிக்குப் போய் ஸ்ட்ரெச்சரில் நீட்டிப் படுத்தார். 'இதுல நானே முதல் நோயாளி' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பெரியவர் ஸ்டூலைத் திரைக்கு முன்னால் போட்டு, வரிகள் ஓடுவதைக் காவல் காத்தார். வாசலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன ஒட்டு அண்ணே, கடையில வேலை ஒண்ணும் காணோம்?" என்று வாயைக் கிளறினார். "வேலை உள்ளே நடக்குது. வெளிய நின்னு பார்த்தா தெரியாது," என்று அனுப்பிவைத்தார். அதைச் சொல்லிவிட்டு, உண்மையாகவே உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். மேகம் இருட்டிக்கொண்டே வந்தது. மழை பிடித்துவிட்டால் எதை ஒட்டினாலும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

சித்தப்பா வந்தார். பெரியப்பா வந்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிற கடைசிக் கட்டமும் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. பின்னாலேயே வரைகிற புரோகிராமும் கட்டி முடிந்தது.

மாப்பிள்ளை படத்தைத் திறந்தார். பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகள் சேர்ந்து ஒரு இலையைத் தாங்குகிற சின்னம், பளிச்சென்று திரை நிறைய விரிந்தது.

"வந்துட்டாங்கப்பா!" என்று பெரியவர் போட்ட சத்தத்தில் டிரைவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து உருண்டு விழப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரியவரின் ராஜ்யம். மெஷின் கிர்ரென்று ஓடி வெட்டியது. பெரியவர் ஊசியால் வேண்டாததை உரித்தார். தாள் வழுக்கிச் சரியான இடத்தில் உட்காரட்டும் என்று மாப்பிள்ளை சோப்புத் தண்ணீர் தெளித்தார். டிரைவர் தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டார். முன்பக்கத்தில் எழுத்துகளை இடவலம் மாற்றி, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும். டிரைவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன பாஷை?"

"முன்னால போறவன் பாஷை. அவன் கண்ணாடியில பார்த்துப் படிச்சுக்குவான். உங்களுக்குப் புரிய வேண்டியதில்ல, நீங்க உள்ள இருக்கிற ஆள்."

கடைசியாகச் சின்னத்தைக் கதவில் வைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. மகள் இறங்கினாள். வண்டியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உள்ளே போனாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"என்னங்க இது? பொத்தான் மேல இருந்த படமெல்லாம் எங்க? எல்லாம் மொட்டையா இருக்கு?"

மாப்பிள்ளை சோப்புத் தண்ணீர் குப்பியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய ஆரம்பித்தார்.

"அப்பா?"

"காத்து வருது பாரு, ஓரத்தைப் பிடி," என்றார் பெரியவர், பிடிக்க ஓரமே இல்லாத இடத்தைக் காட்டி.

டிரைவர்தான் போட்டு உடைத்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கல்யாணக் கதையை இன்னொருத்தருக்கும் சொல்லலாமே என்ற ஆசை. மைனஸ், நட்சத்திரம், பெருக்கித் தள்ளியது, பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வரிசையாக வந்தன.

மகள் இடுப்பில் கைவைத்தாள். "அப்பா, வேண்டாததை உரிக்கிறேன்னு எழுத்தையும் சேர்த்து உரிச்சிட்டீங்க! நீங்க என்னங்க, அப்பா சொன்னா நீங்க போட்டுடுவீங்களா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்," என்றார் பெரியவர்.

"நீங்க பேசாதீங்க! அந்த அதிகாரி வந்து நின்னிருந்தா இந்த டிரைவர் அண்ணன் என்ன சொல்லியிருப்பார்? இன்னும் ஒரு மாசம் துணி மூட்டையோட ஆளை ஏத்தியிருப்பார்."

பெரியவர் சின்னத்தின் ஓரத்தை இன்னும் ஒருமுறை, தேவையில்லாமலே, தேய்த்தார்.

வண்டி கிளம்பியதும் முதல் தூறல் விழுந்தது. மூவரும் கடைக்குள் ஒதுங்கினார்கள். மகள் மாப்பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, மைனஸ் நட்சத்திரத்தை எடுக்கவைத்தாள். கட்டுகிறவர்கள் வழக்கமாக வைத்திருக்கும் தேர்வுகள் அப்படியே இருக்கட்டும், அதில் நமக்கு ஆகாததை மட்டும் பேர் சொல்லி மூடிக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. விசிறி மறுபடி உறும ஆரம்பித்தது.

மழை வலுத்து, விட்டு, தெரு கழுவிவிட்ட மாதிரி ஆன பிறகு போன் வந்தது. ஸ்பீக்கரில் போடத் தேவையில்லை.

"அண்ணே! கையெழுத்துப் போட்டாச்சு! அதிகாரி சின்னத்தை நகத்தால சுரண்டிப் பார்த்தார் அண்ணே, அசையல! இப்போ முதல் ஆளை ஏத்தப் போறேன். பிரசவ கேஸ். ஓரமா வழி விடச் சொல்லுங்க, உங்க தெரு வழியாத்தான் போறேன்!"

சைரன் தூரத்தில் கிளம்பி, பெரிதாகி, கடையைத் தாண்டிக் குறைந்தது. எதிர்க்கடைக்காரர்கூட எழுந்து நின்று பார்த்தார். மகள் சிரித்துவிட்டாள். கோபமெல்லாம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது.

"இப்பவாவது ஒத்துக்கோங்கப்பா. அவங்க முதல்லயே சரியாத்தான் வச்சிருந்தாங்க."

"அவங்கன்னா யாரு?"

"இதைக் கட்டுறவங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "உலகம் பூரா இருக்காங்க. எது எல்லாருக்கும் தேவைப்படும்னு பேசிப் பேசி முடிவு பண்றாங்க."

"நீங்க யாரையாவது பார்த்திருக்கீங்களா?"

"நேர்ல பார்த்ததில்ல."

"போன்ல?"

"எழுதிக்குவோம்."

"அவங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?"

"ஒண்ணும் கிடைக்காது மாமா. சம்பளமே கிடையாது. ஆசைக்குச் செய்றாங்க."

பெரியவர் கையிலிருந்த ரப்பர் பட்டையை மேசையில் வைத்தார். மாப்பிள்ளையை, மகளை, திரையில் அருவியாகக் கொட்டும் வரிகளை, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சம்பளம் வாங்காம ஒருத்தன் ராப்பகலா உழைக்கிறான், அவன் குடுக்கிறதைக் கண்ணை மூடிட்டு வாங்கிக்கணும். நல்லா இருக்கும்மா நியாயம்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கப்பா போறீங்க? இன்னும் தூறுது."

"தேநீர் குடிக்க. அங்க காசு வாங்கிட்டுத்தான் குடுக்கிறான்."

தெருவில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டித் தாண்டி, தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டு நடந்து போனார்.